ஏரியில் இறங்கும் முன்: டிரையத்லான் நீச்சல் பற்றிக் கேள்வி பதில்

டிரையத்லானில் நீச்சல்தான் முதல். ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கி.மீ. நீந்தி, 40 கி.மீ. சைக்கிள் மிதித்து, 10 கி.மீ. ஓட வேண்டும். ஏரியில் நடக்கும் போட்டிக்கு முதல்முறை பெயர் கொடுத்திருக்கும் நம் செட்டிநாட்டு நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

அண்ணே, நீச்சல் குளத்தில் 1.5 கி.மீ. நிற்காமல் நீந்துகிறேன். ஏரிக்கு அது போதாதா? (வங்கி ஊழியர், காரைக்குடி)

தூரத்துக்குப் போதும், தம்பி. ஆனால் 25 மீட்டர் குளத்தில் அது 60 நீளம். ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்து ஓர் உந்துதல் வாங்கிக்கொள்கிறீர்கள். ஏரியில் சுவரும் இல்லை, அடியில் கறுப்புக் கோடும் இல்லை. கலங்கல் தண்ணீரில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. இனிமேல் குளத்திலும் சுவரைத் தொடாமல், சற்று முன்பே திரும்பிப் பழகுங்கள்.

அப்புறம் திசை பார்ப்பது. எட்டு, பத்து கை வீச்சுக்கு ஒரு முறை கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வரும்படி தலையை உயர்த்தி முன்னால் பாருங்கள். பார்த்த கையோடு தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு எடுங்கள். முன்னால் பார்த்தபடியே மூச்சு எடுத்தால் இடுப்பு தாழ்ந்துவிடும். போட்டிப் பாதையைக் காட்டும் மிதவை சின்னதாகத் தெரியும், அலையில் மறையும். அதற்கு நேர் பின்னால் கரையில் ஒரு பனைமரமோ கோபுரமோ இருந்தால் அதைக் குறி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கண்மாயிலேயே பழகலாமா அண்ணே? (கல்லூரி மாணவி, தேவகோட்டை)

பழகலாம், ஆனால் எல்லாக் கண்மாயிலும் இல்லை. குடிதண்ணீர் ஊருணியில் கால் வைக்கவே கூடாது. அது ஊரார் காத்து வரும் தண்ணீர். மற்ற இடத்திலும் ஊரில் கேட்டுவிட்டு இறங்குங்கள். மீன் குத்தகை விட்டிருந்தால் உள்ளே வலை கட்டியிருப்பார்கள், அதில் கால் சிக்கினால் ஆபத்து.

கோடையிலேயே ஒரு முறை போய்க் கண்மாயைப் பார்த்து வைப்பது நல்லது. சவுடு மண் அள்ளிய பள்ளம், சீமைக்கருவேல மரத்தின் அடிக்கட்டை, முள் எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இடுப்பளவுத் தண்ணீர் திடீரென்று ஆளை மூழ்கடிப்பது இந்தப் பள்ளங்களால்தான். மடை திறந்திருக்கும்போதும் கலுங்கில் (நிரம்பிய தண்ணீர் வழிந்தோடும் இடம்) தண்ணீர் பாயும்போதும் அந்தப் பக்கமே போகாதீர்கள், இழுப்பு இருக்கும். தாமரையும் பாசியும் அடர்ந்த மூலையை விட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். தை, மாசியில் தண்ணீர் ஓரளவு தெளிந்து, மட்டமும் குறையாமல் இருக்கும். காலில் ஆறாத புண் இருந்தால் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகவும் உடம்புக்குள் போகும்.

தனியாக ஒருநாளும் வேண்டாம் அம்மா. நீந்தத் தெரிந்த ஒருவர் கூட நீந்தட்டும், கரையில் இன்னொருவர் கயிற்றோடு நிற்கட்டும். இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவைப் பையும் அவசியம். இவ்வளவும் அமையவில்லை என்றால் அன்றைக்குப் பயிற்சி இல்லை என்று திரும்பிவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தம்பி, நான் கிணற்றில் பழகியவன். தலையைத் தூக்கியேதான் நீந்துவேன். அப்படியே முடித்துவிடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பள்ளத்தூர்)

விதி தடுக்காது ஐயா, எந்த வகை நீச்சலும் செல்லும். ஆனால் தலை மேலே போனால் கால் கீழே போகும். உடம்பு சரிந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். கழுத்தும் தோளும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். தண்ணீருக்கு அஞ்சாத மனம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் பெரிய சொத்து. முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை வெளியே விடுவதை மட்டும் இப்போது பழகுங்கள்.

கூட்டமாகப் புறப்படும்போது மூச்சு முட்டுமோ என்று பயமாக இருக்கிறது. (மருந்துக்கடை நடத்துபவர், கானாடுகாத்தான்)

அந்தப் பயம் நியாயமானது. கை கால் மேலே படும், தண்ணீர் முகத்தில் அடிக்கும். உடனே வேக வேகமாகக் காற்றை உள்ளே இழுக்கத் தோன்றும். முட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றுக் குறைவு இல்லை, உள்ளே இருப்பதை முழுதாக வெளியே விடாததுதான். முகம் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள்.

முதல்முறை போகிறவர் ஓரமாக, பின்வரிசையில் நின்று கொஞ்சம் தாமதித்துப் புறப்படலாம். முதல் 200 மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக நீந்துங்கள். அதற்கும் மேல் படபடப்பு வந்தால் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். உதவி வேண்டுமானால் கையை உயர்த்தினால் காவல் படகு வரும். படகைப் பிடித்து இளைப்பாறலாம். அதை வைத்து முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். நெஞ்சு வலித்தாலோ விடாத இருமல் வந்தாலோ அங்கேயே போட்டியை நிறுத்திவிடுங்கள்.

இதை நீச்சல் குளத்திலேயே பழகலாம்: ஒரே பாதையில் நான்கு பேர் ஒட்டி நீந்துங்கள்.

வெட்சூட் (உடம்பை ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை) வாங்க வேண்டுமா? (ஐடி ஊழியர், காரைக்குடி)

வேண்டாம். நம் பக்கத்துத் தண்ணீர் வெதுவெதுப்பானது, அந்த உடையில் உடம்பு சூடேறிவிடும். தண்ணீர் ஏறத்தாழ 25 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் அனுமதியும் இராது. அந்தப் பணத்தில் காலை வெயிலுக்கு ஏற்ற நிற நீச்சல் கண்ணாடி ஒன்று வாங்குங்கள். கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவிக்கொண்டால் உரசிப் புண்ணாகாது.

நீந்தி முடித்து எழுந்ததும் தலை சுற்றுகிறதே அண்ணே? (உடற்பயிற்சி ஆசிரியை, புதுவயல்)

படுத்த நிலையில் இவ்வளவு நேரம் கையால் வேலை செய்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும், அதனால்தான். கடைசி 100 மீட்டரில் கால் உதைப்பைக் கூட்டுங்கள். கைவிரல் தரையைத் தொடும் வரை எழாமல் நீந்திக்கொண்டே வாருங்கள். முன்னதாக எழுந்தால் வண்டலில் கால் புதையும். எழுந்த பிறகும் சில அடி நடந்துவிட்டு ஓடுங்கள். எல்லாம் செய்தும் சுற்றல் தொடர்ந்தால் போட்டிக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.