நியூட்டனின் கல்வீடு – கடிதம்

அன்புள்ள சார்,

நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் வேலை பார்க்கிறேன். போன சனிக்கிழமை பிள்ளைகளோடு வுல்ஸ்தார்ப் மேனருக்கு, அதாவது நியூட்டன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். 'மேனர்' என்ற பெயரைப் பார்த்து அரண்மனை மாதிரி எதிர்பார்த்தோம். இருந்தது ஒரு கல்வீடும் ஒரு ஆப்பிள் மரமும்தான். வழியில் சில பழைய வீடுகளின் சன்னல்களைக் கல் வைத்து அடைத்திருந்தார்கள். சன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்றார் நண்பர். உண்மையா? அந்த வீட்டில் பார்க்க என்னதான் இருக்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மேனர் என்பது மாளிகையின் பெயர் இல்லை, நிலத்தின் மீதான உரிமை. நியூட்டனின் தாத்தா ராபர்ட் 1623ல் வாங்கியது அதைத்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனால் அவர் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கில் 234 செம்மறிகளும் 46 மாடுகளும் இருந்தன. ஆக நீங்கள் பார்த்தது வசதியான ஒரு சம்சாரியின் வீடு.

அந்த வட்டாரத்தில் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. கல்லைத் தூரத்திலிருந்து வண்டியில் கொண்டுவருவது பெருஞ்செலவு என்பதால் காலடியில் கிடைத்ததை வைத்தே கட்டினார்கள். நேர்த்தியாகச் செதுக்கிய கல் மூலைகளிலும் சன்னல், வாசல் ஓரங்களிலும்தான் இருக்கும். மற்ற இடமெல்லாம் கையில் வந்த கல்லைத் தட்டிக்கொட்டிச் சேர்த்தது. கொத்தனார் கூலி எங்கே போனது என்று சுவரே கணக்குச் சொல்லிவிடும். சன்னலுக்கு நடுவில் நிற்கும் கல்தூண் அழகுக்கு வைத்ததில்லை. அன்று கண்ணாடி சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் கிடைத்தது, அதை ஈயப் பட்டையில் கோத்தார்கள், அகலமான சன்னலில் அப்படிக் கோத்தது தாங்காது. மேலே இருக்கிற கல்லின் பாரத்தையும் அந்தத் தூண்தான் வாங்கிக்கொள்கிறது.

இந்தச் சுவர்களில் கல்லோடு கல்லைச் சேர்த்தது சுண்ணாம்புக் காரையால். கல்லைவிட மென்மையானது, ஈரத்தை வெளியே விட்டுவிடும். இந்த மாதிரி வீடுகளைப் போன நூற்றாண்டில் வாங்கிய பலர் உறுதியாக இருக்கட்டும் என்று இடுக்குகளில் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் வழியாகவே வந்து, உறைபனியில் கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்ந்தது. நல்லெண்ணத்தில் செய்த நாசம்.

அண்ணாந்து பார்த்தீர்களா? அந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் கூரை ஓடும் கல்தான். தெற்கே காலிவெஸ்டன் என்ற ஊரில் எடுத்த கல்லை அந்தக் காலத்தில் குளிர்காலம் முழுக்க வெட்டவெளியில் போட்டு, காயவிடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இடுக்கில் இறங்கிய தண்ணீர் உறைந்து பெருத்து அடுக்குகளை விலக்கும். அப்புறம் சுத்தியலால் தட்டினால் ஏடு ஏடாகப் பிரிந்து வரும். உறைபனி சரியாக விழாத வருஷம் ஓடும் இல்லை! பெரிய ஓடுகளை இறவாரத்தில் வைத்து, மேலே போகப்போகச் சிறியதாக்கிக்கொண்டே முகட்டில் முடிப்பார்கள். எனக்கு ஆப்பிள் மரத்தைவிட இதுதான் ஆச்சரியம்.

உள்ளே கணப்புக்குப் பக்கத்துச் சுவரையும் விட்டுவிட்டீர்கள் போல. 2017ல் வெவ்வேறு கோணங்களில் வெளிச்சம் அடித்துப் படமெடுத்தபோது அங்கே ஒரு காற்றாலைக் கீறல் தெரிந்தது. சிறுவன் நியூட்டன் கிறுக்கியதாக இருக்கலாம் என்கிறார்கள்.

சரி, சன்னல் வரி. வீட்டுச் சன்னல்களை எண்ணிப் போட்ட வரி அது. 1696ல் வந்தது, 1851 வரை இருந்தது. ஜனங்கள் வெள்ளி நாணயங்களின் ஓரத்தைக் கத்தரித்துத் திருடியதால், அவற்றை உருக்கிப் புதிதாக அடிக்க வேண்டியதாயிற்று. அந்த நஷ்டத்தை ஈடுகட்டப் போட்ட வரி அது. அதே 1696ல் நாணயசாலைக்கு அதிகாரியாகப் போனவர், வேறு யார், உங்கள் ஆப்பிள்காரர்தான்.

ஆனால் அடைத்த சன்னல் எல்லாமே வரிக்காக அடைத்தது இல்லை. உள்ளே மாடிப்படியை மாற்றியபோது அடைத்ததுண்டு, வெளியிலிருந்து சமமாகத் தெரியட்டும் என்று கட்டும்போதே வைத்த போலிச் சன்னலும் உண்டு. அடுத்த தடவை அந்த வழியாகப் போனால் அடைத்த சன்னலுக்கு நேர் மேலே கூரையைப் பாருங்கள். அங்கே புகைபோக்கி நின்றால், புகை போகும் வழி அந்தச் சுவருக்குள்தான் இருக்கும், அதில் சன்னல் திறக்க முடியாது. நண்பர் அநேகமாகத் தோற்றார்.