மகனுடன் சீட்டு விளையாடும் ஆலோசகர்

கேள்வி: என் மகனுக்கு வயது 15, உயர்நிலை மூன்று. சில மாதங்களாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். பள்ளியில் சொன்னதால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போகிறேன். அவர் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவனோடு ஊனோ சீட்டாட்டம் விளையாடுகிறார். என்ன பேசினீர்கள் என்றால் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, 'நீங்களும் ஆலோசனைக்குப் போகலாமே' என்கிறார். அவன் வர 10 நிமிடம் தாமதமானாலும் போன் மேல் போன் போடுவேன், அது உண்மைதான். அதற்காக எனக்குமா? இதனால் தேசிய சேவையில் (கட்டாய ராணுவம், காவல் போன்ற பணி) அவனுக்குப் பாதகம் வருமா?
(ஒரு தாய், யீஷூன், சிங்கப்பூர்)

பதில்: சீட்டிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் கோபம் அதில்தான் அதிகம் தெரிகிறது. பெரியவர்கள் பெரும்பாலும் தாமாக வருகிறார்கள், 'தூக்கமில்லை, மனசு பாரமாக இருக்கிறது' என்று சொல்லவும் தெரிகிறது. பதின்ம வயதுப் பிள்ளையை யாராவது கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எதிரில் உட்கார்ந்து 'என்னப்பா பிரச்சினை?' என்று கேட்டால், பள்ளி முதல்வர் அறையில் நிற்பவன்போல 'ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வான். கையில் சீட்டு இருந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. நாலாவது ஆட்டத்தில், 'நேற்று வகுப்பில் ஒருத்தன்...' என்று பேச்சு தானாக நழுவி வரும். அதற்காகத்தான் முதல் சில அமர்வுகள். எட்டாவது அமர்விலும் வெறும் சீட்டுதான் என்றால் அப்போது தாராளமாகக் கேளுங்கள்.

அவன் பேசியதை உங்களிடம் சொன்னால், அடுத்த முறை அவன் வாயே திறக்க மாட்டான். ஆனால் அவன் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து, பிறரைக் காயப்படுத்தும் ஆபத்து, யாராவது அவனைத் துன்புறுத்துவது ஆகியவை தெரியவந்தால் ஆலோசகர் மூடி மறைக்க மாட்டார். எதைச் சொல்வார், எதைச் சொல்ல மாட்டார் என்பதை மூவரும் உட்கார்ந்து பேசித் தெளிவாக்கிக்கொள்ளலாம். எந்த இலக்கை வைத்துப் பேசுகிறார்கள், வீட்டில் நீங்கள் எதை மாற்ற வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அந்த எரிச்சலை வெறும் திமிர் என்று ஒதுக்காதீர்கள். இந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராமல் கோபமாகத்தான் வரும். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், படிப்பு என எல்லாமே கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஆலோசகர் மருந்து எழுத முடியாது. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் மனநலக் கழகத்தில் மானியக் கட்டணம் கிடைக்கும்.

அப்புறம், உங்கள் விஷயம். உங்கள் மேல் யாரும் பழி போடவில்லை. நீங்கள் எழுதியதையே எடுத்துக்கொள்வோம். பையன் வரத் தாமதம். 'ஏதோ ஆகிவிட்டது' என்ற எண்ணம், உடனே படபடப்பு, போன் மேல் போன். நண்பர்கள் முன்னால் வெட்கப்பட்டு அவன் போனை அணைத்துவிட்டால் உங்கள் பயம் இரண்டு மடங்காகும். பெரியவர்களுக்கான ஆலோசனையில் இந்தச் சுற்றைத்தான் தாளில் எழுதவைப்பார்கள். எண்ணத்துக்கு என்ன ஆதாரம், முதல் போனுக்கு முன் கால் மணி நேரம் பொறுத்தால் என்ன நடக்கிறது என்று நீங்களே சோதித்துப் பார்ப்பீர்கள். வீட்டுப்பாடம் உண்டு, சீட்டு கிடையாது! இந்த முறைக்குப் பொதுவாக 6 முதல் 20 அமர்வுகள் ஆகும். தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்றால் சிண்டாவிலோ (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்திலோ விசாரியுங்கள்.

தேசிய சேவைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லட்டும்; அவனுக்கு ஏற்ற பணியைத் தீர்மானிக்கத்தான் கேட்கிறார்கள். அதற்குப் பயந்து இப்போது ஆலோசனையை நிறுத்துவதுதான் ஆபத்து.

'நான் இல்லாமல் போனால் நல்லது' என்பதுபோல அவன் பேசினாலோ, கையில் வெட்டுக் காயம் தெரிந்தாலோ அடுத்த அமர்வு வரை காத்திருக்க வேண்டாம். மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் 1767. உயிருக்கே ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.