நீச்சல் சுமார்தான், சாதாரண சைக்கிள்தான்: முதல் டிரையத்லானை முடிக்க முடியுமா?

நீச்சல் அரைகுறை, இருப்பது சாதாரண கியர் சைக்கிள், இதை வைத்துக்கொண்டு முதல் டிரையத்லானை, அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டியை, முடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். போன வருஷம் மார்ச்சில், 41 வயதில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஒரு ஸ்பிரிண்ட் போட்டியை, அதாவது குறைந்த தூர டிரையத்லானை, நான் முடித்தேன். கடலில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், இடையில் ஷூ மாற்றிய நேரமெல்லாம் சேர்த்து 2 மணி 4 நிமிடம். ஒலிம்பிக் தூரம் இதைப்போல இரண்டு மடங்கு. அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான். டிரையத்லான் என்றதும் பலர் பயப்படுவது இந்தக் கடைசிக் கணக்கைக் கேட்டுத்தான், அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

பயிற்சி நேரத்தில் பாதியை நீச்சலுக்கு ஒதுக்குங்கள், அந்தப் பாதியில் பெரும்பகுதியை மூச்சுக்கு ஒதுக்குங்கள். இதுதான் நான் சொல்ல வந்தது.

எனக்கு நீச்சல் கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பழகியது. அப்புச்சி முதுகில் சுரைக்குடுவையைக் கட்டி இறக்கிவிடுவார், நாலாவது நாள் குடுவையை அவிழ்த்துவிடுவார், அவ்வளவுதான் வகுப்பு. கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலேதான் இருக்கும், பேசிக்கொண்டே நீந்தலாம், பத்துப் பதினைந்து அடியில் படிக்கட்டு வந்துவிடும். முப்பது வருஷம் கழித்து சென்னையில் ஒரு நீச்சல் குளத்தில் இறங்கி ஒரே மூச்சில் 25 மீட்டர் போனேன், மறுபக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் இரைத்தது. உடம்பில் தெம்பு இல்லை என்று நினைத்தேன். அங்கே பயிற்சி கொடுத்த பையன் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அக்கா, நீங்க மூச்சை வெளியவே விடல. தண்ணிக்குள்ள ஊதுங்க.”

அதுதான் விஷயம். முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுக்க மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் உள்ளே இழுக்க இடம் இருக்கும். உள்ளே பிடித்து வைத்த காற்றை வெளியேற்றி, புதிதாகவும் இழுக்க வேண்டும் என்றால் அந்த நொடி போதாது, நாலு தடவையில் நெஞ்சு அடைத்துக்கொண்டு வரும். மூன்று வாரம் நான் குளத்தின் ஓரத்தில் நின்று குனிந்து ஊதுவதையே செய்தேன், பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் நிற்காமல் 30 நீளம், அதாவது 750 மீட்டர், வந்துவிட்டது.

கடல் வேறு. குளத்தில் கீழே ஒரு கோடு தெரியும், கடலில் பழுப்பும் பச்சையும் கலந்த வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியாது, நாலாபக்கமும் ஆட்களின் கைகால் வேறு படும். முதல் 150 மீட்டரிலேயே எனக்கு மூச்சு தாறுமாறாகிவிட்டது. பாதுகாப்புக்காகக் கயாக்கில், அதாவது சின்னத் துடுப்புப் படகில், இருந்த தம்பி பக்கத்தில் வந்து “பிடிச்சுக்கோங்க அக்கா, அவசரமே இல்ல” என்றான். அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பத்து மூச்சு எண்ணினேன், பிறகு விட்டுவிட்டு நீந்தினேன். பலருக்குத் தெரியாத விதி இது: வழியைக் காட்டும் மிதவையையோ கயாக்கையோ பிடித்து ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு முன்னே போகத்தான் கூடாது. இது தெரிந்திருந்ததால்தான் நான் பதறவில்லை. ஆறேழு கைவீச்சுக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி மிதவை எங்கே என்று பார்க்க வேண்டும், அதற்குக் கிணற்றுப் பழக்கம் நன்றாகவே உதவியது.

இன்னொன்று, வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் ரப்பர் மாதிரி வெட்சூட் போட்டிருப்பார்கள், அது உடம்பை மிதக்க வைக்கும். நம் கடலில் தண்ணீர் 27, 28 டிகிரி இருக்கும், அது தேவையும் இல்லை, அந்தச் சூட்டில் விதியும் அனுமதிக்காது. அதனால் அவர்கள் நீந்துவதைப் பார்த்து உங்கள் தூரத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

டிரையத்லான் என்ற பெயரில் 1974-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் 46 பேர் கலந்துகொண்ட முதல் போட்டியில் ஓட்டம்தான் முதலில் வந்தது, நீச்சல் கடைசியில். களைத்த உடம்போடு தண்ணீரில் இறங்குவது ஆபத்து என்பதால்தான் இப்போது நீச்சலை முதலில் வைக்கிறார்கள். அப்படியும் இந்த விளையாட்டில் நடக்கும் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போதுதான் நடக்கின்றன. நாற்பதைத் தாண்டியவர் என்றால் முதலில் ஒரு டாக்டரைப் பார்த்து இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சைக்கிள் பற்றிக் கவலையே வேண்டாம். பிரேக்கும் டயரும் சரியாக இருந்தால் போதும், எனக்கு 54 நிமிடம் ஆனது. ஸ்டாண்டிலிருந்து சைக்கிளைத் தொடும் முன்பே ஹெல்மெட் போட்டு வாரை மாட்டியிருக்க வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். புதியவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். முந்தாமல் ஒருவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவதும் பெரும்பாலான போட்டிகளில் தப்பு. தெற்கே போகும்போது எனக்கு எதிர்காற்று, அப்போது வேகத்தைப் பார்க்காமல் கியரைக் குறைத்து மிதித்தேன். கடைசி 2 கிலோமீட்டருக்கும் அப்படியே செய்யுங்கள், லேசான கியரில் வேகமாகச் சுழற்றினால் ஓட்டத்துக்குக் கால் கொஞ்சம் தயாராகும்.

கொஞ்சம்தான். சைக்கிளிலிருந்து இறங்கி ஓட ஆரம்பித்தால் கால் நம்முடையது மாதிரியே இருக்காது. தொடை கல்லாகவும் முழங்காலுக்குக் கீழே வெறும் துணியாகவும் இருக்கும். எனக்கு இது எட்டு, பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று முன்பே தெரியும், ஏனென்றால் ஆறு ஞாயிற்றுக்கிழமை 15 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிவிட்டு உடனே 2 கிலோமீட்டர் ஓடிப் பழகியிருந்தேன். தெரியாமல் போனவர்கள் சிலர் ஏதோ சுளுக்கு என்று பயந்து அங்கேயே நின்றுவிட்டார்கள், பார்க்கவே கஷ்டமாக இருந்தது. நான் முதல் கிலோமீட்டரைச் சின்னச் சின்ன அடியாக வைத்துப் போனேன், ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நடந்துகொண்டே குடித்தேன், கடைசிக் கிலோமீட்டரை ஓடியே முடித்தேன். ஷூவுக்குள் மணல் போகாமல் இருக்க ஒரு மக் தண்ணீரும் பழைய துண்டும் சைக்கிள் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஷூவுக்குள் பவுடரும் தூவிவிடுங்கள், ஈரக்கால் சட்டென்று நுழையும்.

எவ்வளவு நாள் பழக வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஐந்து மாதம், வாரத்துக்கு ஐந்து நாள், வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம். பெயர் கொடுக்கும் முன் நீச்சல் குளத்திலா, ஏரியிலா, கடலிலா என்று கேட்டுவிடுங்கள். குளத்தில் நடப்பது கிடைத்தால் முதல் தடவை அதற்கே போங்கள். கடல்தான் என்றால் போட்டிக்கு முன் இரண்டு தடவையாவது, கடல் தெரிந்த ஆள் கூட இருக்கும்போது, அலையைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பி வாருங்கள். தனியாகப் போக வேண்டாம்.