கஜா புயலில் போன தோப்பு: ஆறு வயது நெட்டைத் தென்னையை வெட்டலாமா?

கேள்வி: பேராவூரணி பக்கம் 2 ஏக்கர் தென்னந்தோப்பு. இருந்த 140 மரத்தில் 110-ஐக் கஜா சாய்த்துவிட்டது. 2019-இல் நெட்டை ரகக் கன்று வைத்தோம். ஆறு வருடம் ஆகியும் பாதியில்தான் பாளை வந்திருக்கிறது. நிவாரணப் பணம் கரைந்துவிட்டது, நகை அடகில் இருக்கிறது. வெட்டிவிட்டுக் குட்டை ரகம் வைக்கலாம் என்கிறான் மகன். வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நெட்டை பாளை தள்ள 6, 7 வருடம் ஆகும். உங்கள் கன்றுகள் வாசலுக்கு வந்து நிற்கின்றன. குட்டை 3, 4 வருடத்தில் காய்க்கும், சரி. ஆனால் அது இளநீருக்குத்தான் லாயக்கு, கொப்பரைக்குத் தேறாது. இப்போது வெட்டினால் இன்னொரு 4 வருடம் கையில் காசு இல்லை.

உங்களை அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை மட்டும் இல்லை, அதற்குப் பின் வந்த வெற்று வருடங்கள். மரத்துக்கு 80 காய், காய் 10 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள்: 110 மரத்துக்கு வருடம் 88,000. அரசு கொடுத்தது மரத்துக்கு 1,100. அதிலும் 500 வெட்டி அகற்றும் கூலி. மீதி 600 ஒரு வருடக் காய்க்கே காணாது. கடன் ஏறியது உங்கள் தப்பு இல்லை. தப்பிய 30 மரமும் சில வருடம் ஏமாற்றியிருக்குமே? குருத்துக்குள் உருவாகும் பாளை வெளியே வர இரண்டரை வருடத்துக்கு மேல், அப்புறம் காய் முற்ற 12 மாதம். அன்று உலுக்கியது அவ்வளவு காலம் கழித்தும் காய்ப்பில் தெரியும்.

பாளை வராத கன்றுகளின் மட்டையைப் பாருங்கள். கத்தரியால் நறுக்கியதுபோல் இருந்தால் காண்டாமிருக வண்டு. சாய்ந்த அடிமரம் வேலியோரம் மக்கிக் கிடந்தால் அதுதான் அதன் பிரசவ அறை, முதலில் அப்புறப்படுத்துங்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் போடுங்கள். உரம் மரத்துக்கு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இரண்டாகப் பிரித்து ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலும். பொட்டாஷை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நிழல் கட்டும் முன் ஒரு போகம் கடலை எடுத்துவிடலாம். பிறகு கம்பு நேப்பியர் தீவனப்புல்தான் வரும். மாடு இருந்தால் பால் காசு அடகு வட்டிக்காவது ஆகும்.

அடுத்து எழுதும்போது, பாளை வராத கன்று ஒன்றில் எத்தனை மட்டை என்று எண்ணி எழுதுங்கள்.