கல்விக் கடன்: கையெழுத்துப் போடும் முன் பொருள் தெரிய வேண்டிய சொற்கள்

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

மகளின் பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 4 லட்சம் ரூபாய் கடன் வாங்கப்போவதாகவும், வங்கியில் சொன்ன சொற்களில் பாதி புரியாமல் தலையாட்டிவிட்டு வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. அந்தச் சொற்களின் பொருள் தெரியாமல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ‘மாரட்டோரியம்’. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் சேர்ந்த இந்தக் காலத்தில் மாதத் தவணை கட்ட வேண்டியதில்லை. “அதுவரை ஒன்றும் கட்ட வேண்டாம்” என்று வங்கியில் சொன்னதை “அதுவரை வட்டி கிடையாது” என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பெற்றோர் பலரும் தடுமாறுகிற இடம் இதுதான். கடனின் முதல் பகுதி கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் வாங்கும் 1 லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000 ரூபாய். அடுத்தடுத்த ஆண்டுகளில் வாங்கும் தொகைகளுக்கு முறையே 40,000, 30,000, 20,000. மாரட்டோரியக் காலத்தில் தனிவட்டிதான் (அசலுக்கு மட்டும் வட்டி) போடுவார்கள் என்றாலும் மொத்தம் 1,40,000 ரூபாய் சேர்ந்துவிடுகிறது. மாரட்டோரியம் முடிகிற அன்று இது அசலோடு சேர்ந்து, கடன் 5,40,000 ரூபாயாகிறது. அதன்பின் வட்டிக்கும் வட்டி உண்டு. பத்தாண்டில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 7,136 ரூபாய் வரும். மாறாக, வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால் அசல் 4 லட்சமாகவே நிற்கும். தவணை 5,286 ரூபாய்தான். பத்தாண்டில் தவணைகளின் வேறுபாடு 2,22,000 ரூபாய்; முன்பே கட்டும் 1,40,000 ரூபாய் வட்டியைக் கழித்தாலும் 82,000 ரூபாய் மிச்சம். முதலாண்டில் வட்டிக்காக மாதம் 833 ரூபாய் ஒதுக்கினால் போதும். நான்காம் ஆண்டில் அது 3,333 ரூபாயாக உயரும். ஒழுங்காக வட்டி கட்டிவருவோருக்கு வட்டி விகிதத்தில் 1 சதவீதம் வரை குறைக்கும் வங்கிகளும் உண்டு. உங்கள் கிளையில் கேளுங்கள்.

‘வட்டி மானியம்’ என்பது இந்த மாரட்டோரியக் கால வட்டியை மத்திய அரசே ஏற்பது. குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்து, நாக் அல்லது என்.பி.ஏ. (கல்லூரிகளையும் படிப்புகளையும் மதிப்பிடும் தேசிய அமைப்புகள்) தரச்சான்று பெற்ற இடத்தில் தொழிற்படிப்பு படித்தால் இதற்கு வழி உண்டு. படிப்பைப் பாதியில் விட்டால் பொதுவாக இந்த உதவி கிடைக்காது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிடப்பட்ட தரமான கல்லூரிகளில் படிப்போருக்கு, குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை தருகிறார்கள். ஆகவே வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

‘மாறும் வட்டி’ என்றால், ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு அது தரும் குறுகிய காலக் கடனின் வட்டி) போன்ற ஓர் அளவுகோல் ஏறி இறங்கும்போது உங்கள் வட்டியும் அதனுடன் ஏறி இறங்கும் என்று பொருள். 2022 ஏப்ரலில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமாகியிருந்தது. எனவே நான் மேலே போட்ட தவணைக் கணக்கும் மாறக்கூடியதே. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மகளின் முதல் சம்பளங்கள் வரும்போது இது கைகொடுக்கும்.

‘மார்ஜின்’ என்பது நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. ‘பிணையம்’ என்பது வீட்டுப் பத்திரம் போன்ற ஈடு. வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை இவ்விரண்டும் தேவையில்லை. ஆனால் நீங்கள் ‘இணைக் கடன்தாரர்’ ஆகக் கையெழுத்திடுகிறீர்கள். அதாவது கடன் மகளுடையது மட்டுமன்று, உங்களுடையதும்தான். தவணை தவறினால் கடனை ஒழுங்காக அடைப்பவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இருவருக்கும் குறையும். இதை மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள்.

ஒன்றை மட்டும் இடையில் கேட்டுவிடுகிறேன். மகள் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவரா? அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே ஏற்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வு வழியாகச் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கிவிட்டால் இரண்டும் கைநழுவிப்போகும். 4 லட்சம் தேவைப்படாமலே போகலாம் என்பதால், கலந்தாய்வு முடியும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

கடன் அனுமதிக் கடிதம் வந்ததும் வட்டி விகிதம், அது எந்த அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளது, மாரட்டோரியம் முடியும் தேதி ஆகிய மூன்றையும் அடிக்கோடிட்டு, மகளுடன் நேரில் வாருங்கள். சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.