சின்ன டிராக்டரா, லீசிங்கில் பெரியதா?

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது, யாழ்ப்பாணம் நீர்வேலியில் இருக்கிறேன். வீட்டு வளவுகளைத் துப்புரவாக்கி, மண் மட்டப்படுத்தி, புல் பதித்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். மாசி முதல் புரட்டாதி வரை டிராக்டர் வாடகைக்கே மாதம் 45,000 ரூபாய் போகிறது. கையில் 9 இலட்சம் இருக்கிறது. பாவித்த ஜப்பான் சின்ன டிராக்டர், 22 குதிரைவலு, மண் கிளறும் ரொட்டவேட்டரோடு 18 இலட்சம் சொல்கிறார்கள். நண்பர்களோ, “45 குதிரைவலுவில் புதிதாக எடு, லீசிங்கில் தவணைக்குக் கட்டலாம்தானே” என்கிறார்கள். அது 42 இலட்சம். மனைவியின் நகையை அடைவு வைத்தால் 12 இலட்சம் முற்பணம் கட்டலாம். எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, பெரியதை விடுங்கள். நகையையும் விடுங்கள். எங்கள் வீட்டில் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வாங்க அடைவுக்குப் போன அம்மாவின் காப்பு திரும்பி வரவே இல்லை. அந்த வருத்தத்தை நான் நேரில் பார்த்தவன்.

42 இலட்சத்தில் 12 கட்டினால் மீதி 30. நிலையான வட்டி, அதாவது முழுக் கடனுக்கும் கடைசிவரை ஒரே வட்டி, 10 சதவீதம், 5 வருடம் என்று வையுங்கள். வட்டி மட்டும் 15 இலட்சம், மாதத் தவணை 75,000. இது மாரியிலும் வரும், வேலை இல்லாத மாதத்திலும் வரும். போதாக்குறைக்கு, அந்த டிராக்டர் ஆறடிக்குக் கிட்ட அகலம், இரண்டு டன் அளவில் பாரம். உங்கள் வேலை வயலில் இல்லை, ஒழுங்கைக்குள். எத்தனை வீட்டுப் படலையால் அது உள்ளே போகும்? மலக்குழி மூடிக்கு மேல் ஒரு சில்லு ஏறினால் அந்த வேலையின் இலாபம் முழுவதும் போய்விடும். 22 குதிரைவலு இயந்திரம் ஏறத்தாழ நாலடி அகலம், பாரம் ஒரு டன்னுக்கு உள்ளே. வளவு வேலைக்கு அதுதான் பொருத்தம்.

சரி, சின்னதாவது கட்டுமா? விலையை 17க்குக் கொண்டு வரப் பாருங்கள். 8 இலட்சம் கையிலிருந்து கொடுத்து 9 இலட்சம் கடன் எடுங்கள். மிச்ச ஒரு இலட்சத்தைத் தொட வேண்டாம். பாவித்த இயந்திரம் முதல் ஆறு மாதத்தில் டயர், பேட்டரி, கத்தி என்று ஏதாவது கேட்கும். உங்கள் பக்கத்து வலிகாமச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? கல்லில் அடிபட்டால் ரொட்டவேட்டர் கத்தி தாங்காது.

9 இலட்சத்துக்கு 10 சதவீத நிலையான வட்டி, 3 வருடம் என்றால் மாதம் 32,500. வாடகை 45,000 மிச்சமாகிறதே என்று நினைப்பீர்கள். அந்த வாடகைக்குள் டீசலும் ஓட்டுபவரின் கூலியும் அடக்கம். அதற்கு மூன்றிலொரு பங்கைக் கழித்தால் மாதம் 30,000தான் மிச்சம், அதுவும் 8 மாதத்துக்கு. வருடத்துக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம். தவணையோ 3 இலட்சத்து 90 ஆயிரம். ஒன்றரை இலட்சம் இடிக்கிறது. இதைக் கூடுதல் வேலை பிடித்தோ, ஹயர் (பிறருக்கு வாடகைக்கு) ஓடியோதான் நிரப்ப வேண்டும்.

ஆகவே உங்கள் கணக்குக் கொப்பியை எடுங்கள். டிராக்டர் கிடைக்காமலும், பெரிய டிராக்டர் உள்ளே போகாமலும் போன வருடம் எத்தனை வேலையைக் கைவிட்டீர்கள்? அவை எல்லாம் சேர்ந்து, செலவு போக ஒன்றரை இலட்சத்தைத் தாண்டினால் வாங்குங்கள். தாண்டாவிட்டால் இன்னொரு வருடம் வாடகைக்கே ஓடுங்கள், அதில் நட்டம் ஒன்றும் இல்லை.

கடன் கேட்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். நிலையான வட்டி 10 சதவீதம் என்றால் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றாம் வருடத்தில் சிறு தொகையே மீதி நிற்கும்போதும் முழு 9 இலட்சத்துக்குத்தான் வட்டி போடுகிறார்கள். உண்மையில் அது 18 சதவீதத்துக்குக் கிட்ட வருகிறது. இன்னொரு இடத்தில், குறைந்து செல்லும் மீதிக்கு 15 சதவீதம் என்று சொன்னால் தவணை 31,200 அளவில்தான் வரும். மூன்று வருடத்தில் 45,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கையில் நிற்கும். சதவீதத்தைக் கேட்காதீர்கள், “மொத்தமாக எவ்வளவு கட்டி முடிப்பேன்” என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இயந்திரத்தைப் பார்க்கக் காலையிலேயே போங்கள், தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. முதலில் எஞ்சினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்னே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது, என்ன புகை விடுகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் ரொட்டவேட்டரை முழுதாக உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். அது சடாரென்று இறங்கினால் ஹைட்ராலிக் தேய்ந்துவிட்டது, அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரை விடக் கிளட்ச் பெடலின் தேய்மானத்தை நம்பலாம். பதிவுப் புத்தகத்தில் ஏதாவது நிதி நிறுவனம் முழு உரிமையாளராக நின்றால், அந்தப் பெயர் நீங்கும் வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

ஐப்பசியில் வாங்கினால் மாரி முழுவதும் கைக்காசில் தவணை கட்ட வேண்டி வரும். தை கடைசிவரை பொறுத்து, மாசி வேலை தொடங்கும்போது எடுங்கள்.