கோல் அடிக்காத டிஃபெண்டரை எதை வைத்து மகத்தானவர் என்கிறார்கள்?

கேட்டிருப்பது நல்ல கேள்வி. கால்பந்தில் கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கருக்குக் கோல் கணக்கு இருக்கிறது, கோலைத் தடுக்கும் டிஃபெண்டருக்கு என்ன கணக்கு? கல்லூரி அணியில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்க டிஃபெண்டராக ஆடியவன் என்ற முறையில் என் பதில் ஒரே ஒரு பெயர்: இத்தாலியின் ஏசி மிலன் கிளப்புக்கு ஆடிய பாவ்லோ மால்தினி.

1985 ஜனவரியில், 16 வயதில், உதினேசே அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். 2009 மே மாதம் விடைபெற்றபோது வயது 40. நடுவில் வேறு எந்த கிளப்புக்கும் போகவில்லை. ஏசி மிலனுக்காக 902 ஆட்டங்கள், ஏழு லீக் பட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள் (கிளப்புகளுக்கான போட்டி, இன்றைய சாம்பியன்ஸ் லீக்).

எண்களை விடுங்கள், அவர் நிற்கும் விதத்தைப் பாருங்கள். அவருக்கு நல்ல கால் வலது கால். ஆனால் பல வருடங்கள் ஆடியது இடது பக்கம். எதிரணி விங்கர் மைதானத்தின் ஓரமாகப் பந்தோடு வேகமாக வரும்போது பாய மாட்டார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முட்டியை லேசாக மடித்து, இரண்டடி இடைவெளி விட்டுப் பின்வாங்கிக்கொண்டே இருப்பார். விங்கர் கோல் பக்கம் உள்ளே திரும்பினால் அங்கே அவருடைய வலது கால் காத்திருக்கும். சரி, கோட்டோரமாகப் போகலாம் என்றால், ஓட்டத்திலும் அவர் சளைத்தவர் இல்லை. எங்கள் கோச் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான்: "அவசரப்பட்டுக் காலை நீட்டாதே, அவனைத் தப்பு பண்ண விடு." கேட்க எளிது. ஆள் முழு வேகத்தில் நம்மை நோக்கி வரும்போது காலை அடக்கி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

தசோத்தி, பரேசி, கோஸ்தகூர்தா, மால்தினி என்ற மிலனின் அந்த நான்கு டிஃபெண்டர்கள் வரிசையை இன்றும் பயிற்சியாளர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். 1993-94 லீக்கில் மிலன் 34 ஆட்டங்களில் வாங்கிய கோல் வெறும் 15. அடித்ததும் 36 மட்டுமே, ஆனாலும் சாம்பியன்.

கால் வேகம் குறைந்த வயதில் ஓரத்தை விட்டு, கோலுக்கு நேர் முன்னே நிற்கும் ஸ்டாப்பராக ஆடினார். 2007இல் ஐந்தாவது ஐரோப்பியக் கோப்பையைக் கேப்டனாகத் தூக்கியபோது அவருக்கு வயது 38.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. இத்தாலிக்கு 126 ஆட்டங்கள் ஆடியும் ஒரு கோப்பை இல்லை. 1994 உலகக் கோப்பை இறுதியாட்டம் பெனால்டியில் போனது, நாடுகளுக்கான யூரோ 2000 இறுதியாட்டம் கோல்டன் கோலில் (கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும்) போனது. 2002இல் ஓய்வு பெற்றார். 2006இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கும்.

2005இல் இஸ்தான்புலில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தை ஹாஸ்டல் டிவியில் நள்ளிரவு தாண்டிப் பார்த்தேன். முதல் நிமிடத்திலேயே மிலன் அணியின் பிர்லோ அடித்த ஃப்ரீ கிக்கை வலது காலால் வலைக்குள் அடித்தார் மால்தினி. இடைவேளையில் 3-0. அப்புறம் ஆறு நிமிடத்தில் லிவர்பூல் மூன்றையும் திருப்பியது, பெனால்டியில் கோப்பையும் போனது. ஒரு டிஃபெண்டருக்கு அதைவிட வலி வேண்டாம்.

நீங்கள் ஒரே ஒரு ஆட்டம் பார்ப்பதென்றால் 1994இல் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தைப் பாருங்கள். எதிரில் க்ரூயிஃப் பயிற்சி கொடுத்த பார்சிலோனா. தடை காரணமாக மிலனில் பரேசியும் இல்லை, கோஸ்தகூர்தாவும் இல்லை. மால்தினி டிஃபெண்டர் வரிசையின் நடுவில் நின்றார், மிலன் 4-0 என்று ஜெயித்தது. கோல்களை யூடியூபில் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். முழு ஆட்டத்தில் ஒரு பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு மால்தினியையும் பார்சிலோனாவின் ஸ்ட்ரைக்கர் ரொமாரியோவையும் மட்டும் பாருங்கள். ரொமாரியோ தலையைத் திருப்பி இடம் தேடும்போதெல்லாம் மால்தினி எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள்.